தச்சன் குருவி

கேமரன் மலையைப் பற்றி எழுதப் புகுந்தோர் பலர். குளிரைப் பற்றி எழுதினர்; தேயிலையைப் பற்றி எழுதினர்; ரோஜாவையும் ஸ்திராபெரிப் பழத்தையும் பற்றி எழுதினர்; 1967-இல் உலாவப் போய்த் திரும்பாத பட்டு வியாபாரி ஜிம் தாம்ஸனைப் பற்றி இன்றளவும் எழுதிக்கொண்டிருக்கின்றனர். அம்மலையிலேயே பிறந்து, அம்மலையிலேயே உழைத்து, அம்மலையிலேயே மடியும் ஓர் உழைப்பாளியைப் பற்றி மட்டும் எழுதினார் இலர். நான் கூறுவது நம் தோட்டத் தொழிலாளியை அன்று. அவனைப் பற்றி எழுதினோரும் சிலரே என்பது வேறு விஷயம். நான் கூறுவது மரங்கொத்திப் பறவையை.

நம்மவர் இப்பறவைக்கு இட்டு வழங்கும் பெயர்கள் இரண்டு. மரங்கொத்தி என்பது ஒன்று. தச்சன் குருவி என்பது மற்றொன்று. முதற்பெயரை இட்டவன் அது மரத்தைக் கொத்துவதைக் கண்டதோடு தன் வழியே போய்விட்டவன். இரண்டாம் பெயரை இட்டவனோ, கொத்தியபின் அங்கே என்ன உண்டாயிற்று என்பதையும் நின்று பார்த்தவன். ஆதலின் இரண்டாம் பெயரே எனக்கு உவப்பு. மலாய் மக்கள் இதனைப் பெலாத்தோக் என்பர். உரக்கச் சொல்லிப் பாருங்கள். என் காதுக்கு அச்சொல்லில் மரத்தின்மேல் அலகு படும் ஓசையே கேட்கின்றது.

அம்மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்திலே பிறந்தவன் நான். தந்தையார் கவ்வாத்துக் கத்தி பிடித்தவர். தாயார் கொழுந்துக் கூடை சுமந்தவர். விடியுமுன் பெரட்டுக்கு மணி அடிக்கும். இருவரும் கம்பளியைப் போர்த்துக்கொண்டு பனிமூட்டத்துள் இறங்கி மறைவர். பிறகு லயத்தில் எஞ்சுவோர் கிழவர்களும், கைக்குழந்தைகளும், பள்ளிக்கு இன்னும் புறப்படாத எம்போன்ற சிறுவர்களுமே. மூடுபனியில் கண்ணுக்கு வேலை இல்லை, காதுக்கே வேலை. அந்நேரத்தில் காட்டோரத்திலிருந்து வரும் ஓசைகளை இன்னது இன்னது என்று பிரித்தறிவது எங்கள் விளையாட்டு. யாரோ கதவைத் தட்டுவது போல, ஒழுங்கின்றி, விட்டு விட்டுத் தட்டும் ஓசை ஒன்று. முரசின்மேல் குச்சியை உருட்டிவிட்டாற்போல ஒரே மூச்சில் அதிர்ந்து அடங்கும் ஓசை மற்றொன்று. இரண்டும் ஒரே குலத்துப் பறவையின் வேலை என்று நம்ப எங்களில் பலர் ஒருப்படவில்லை.

அவ்விரண்டின் பொருளும் வேறு வேறு. ஒழுங்கற்ற தட்டல் வயிற்றுக்கானது. சந்தையில் பானை வாங்குவோர் விரலால் சுண்டிப் பார்ப்பது போல, பறவை மரத்தைத் தட்டித் தட்டி, உள்ளே புழு குடைந்த வழி எங்கே போகின்றது என்று ஆராய்கின்றது. அறிந்தபின் அவ்விடத்தைப் பிளக்கின்றது. உருட்டி முழக்கும் ஓசையோ அதன் பேச்சு. குயில் போலவும் கொண்டைக்குலாத்தி போலவும் இசைத்துப் பாடும் குரல் இதற்கு வாய்க்கவில்லை. ஆகவே "இவ்வெல்லை என்னுடையது" என்பதையும், "எனக்குத் துணை வேண்டும்" என்பதையும் மரத்தைக் கொண்டே சொல்லுகின்றது. நன்கு அதிரக்கூடிய உலர்ந்த கொம்பைத் தேர்ந்து, சில இனங்கள் நொடிக்கு 20 முறை வரையில் கொத்தி முழக்கும். மேல்நாட்டுப் பட்டினங்களில் தகரக் கூரையின்மேலும் இரும்புக் கம்பத்தின்மேலும் இது முழக்குவதுண்டு. "தகரத்தில் புழுத் தேடும் பைத்தியம்" என்று நகைப்பாரும் அங்கு உளர். அது புழுத் தேடவில்லை ஐயா. பெரட்டு மணி அடிக்கின்றது. தகரம் மரத்தினும் நன்றாய் ஒலிக்கும் என்பதைக் கண்டுகொண்டது அதன் சமர்த்து.

மலாயாத் தீபகற்பத்தில் ஏறத்தாழ 25 இன மரங்கொத்திகள் உள. இச்சிறு நிலத்திற்கு இது பெருந்தொகை என்றே சொல்லவேண்டும். தென்னந்தோப்புகளில் நம்மவர் கண்டிருக்கக்கூடிய செங்கொண்டையும் பொன்முதுகும் உடைய பறவை கீழ்நாட்டது; அதன் உறவினத்தைத் தமிழ்நாட்டுத் தோப்புகளிலும் காணலாம். உலகில் இன்று வாழ்வதாக உறுதியாய் அறியப்பட்ட மரங்கொத்திகளுள் உருவில் மிகப் பெரியதான சாம்பல்நிறப் பெருமரங்கொத்தியும் நம் கீழ்நாட்டுக் காடுகளிலே உளது. அலகு முதல் வால்நுனி வரை ஏறக்குறைய 20 அங்குலம். இன்னும் ஒன்று உண்டு, தவிட்டுநிறம் உடையது, இங்கும் இலங்கையிலும் தமிழ்நாட்டிலும் வாழ்வது. மரக்கிளையில் பந்துபோல் எறும்புகள் கட்டிய கூட்டினுள்ளேயே பொந்து குடைந்து, எறும்புகளின் நடுவிலே முட்டையிடும் துணிவுடையது அது. எறும்பே அதற்கு உணவு. சமையலறையிலேயே பிரசவ அறையையும் அமைத்துக்கொண்டது என்க.

மலையேற ஏற இத்தொகை குறையும். தானா ராத்தா ஏறத்தாழ 4,700 அடி உயரத்தில் உளது. பிரிஞ்சாங் மலைமுடி 6,600 அடிக்கும் மேல். இக்குளிர்க் காட்டுக்கென்றே உரியனவாக நான் கண்டும் கேட்டும் பழகியவை நான்கு. அவற்றுள் இரண்டு பச்சைநிற உடலும் மஞ்சட் பிடரியும் உடையன; ஒன்று பெரிது, மற்றது சிறிது. பெரியது 13 அங்குலத்துக்குச் சற்று மேல். ஆண்பறவைக்குத் தொண்டையும் மஞ்சளாயிருக்கும். பெண்ணுக்கு அவ்விடம் செம்பழுப்பு. சினங்கொண்டால் பிடரிமயிரை விரித்து நிறுத்தும்; மூடுபனியிடையே அம்மஞ்சள் ஒரு கணம் தோன்றி மறைவது, ஈர விறகில் தீ பற்றி அவிவதை ஒக்கும். சிறியது தனித்துத் திரிவதைக் காட்டிலும், வேறு வேறு இனப் பறவைகள் ஒன்றுகூடி இரை தேடிச் செல்லும் கூட்டத்தோடு சேர்ந்து செல்வதையே விரும்பும். அக்கூட்டத்தில் சாதி கேட்பார் இல்லை. பல கண்கள் ஒன்றாயின் பருந்துக்குத் தப்பலாம். ஒருவன் கிளப்பிவிட்ட பூச்சி மற்றவனுக்கு உணவாம்.

மூன்றாவது, காவிபடர்ந்த செந்நிறமும் அதன்மேற் கருவரியும் நீண்ட வெளிர்மஞ்சள் அலகும் கொண்டது. கூச்சம் மிக்கது. பாசி மூடிய அடிமரத்திலும் விழுந்து மக்கும் கட்டைகளிலும் தாழ்ந்தே வேலை செய்யும். இதனைக் கண்டோர் குறைவு, கேட்டோர் அதிகம். உயரத்தில் தொடங்கி இறங்கிக்கொண்டே வரும் உரத்த சிரிப்பு ஒன்று காட்டினுள்ளிருந்து எழுந்தால், அது இதன் குரலே. நான்காவது, நான்கு அங்குல உருவும் வெண்மார்பிற் கரும்புள்ளிகளும் உடைய குட்டி மரங்கொத்தி. அதனைப் பற்றிப் பின்னர்க் கூறுவேன்.

செந்நிறப் பறவையின் பெயரில் ஒரு செய்தி உண்டு. வில்லியம் கேமரன் என்னும் ஆங்கில நில அளவையாளர் 1885-இல் இம்மலைப் பகுதியை அளக்க வந்தார். அவருடன் வழித்துணையாய் வந்தவர் குலோப் ரியாவ் என்னும் மலாய்க்காரர். மலைக்கு வெள்ளையர் பெயரே நிலைத்தது. பின்னர் 1928-இல், காட்சிசாலை அதிகாரியாயிருந்த ராபின்ஸன் என்பார் மலாயா மலைகளில் வாழும் இச்செந்நிற மரங்கொத்தி வகைக்கு அறிவியற் பெயரிட்டபோது, கேமரோனி என்று முடித்தார். பெரிய மஞ்சட்பிடரியின் மலாயா வகைக்கு அதற்கு முன்பே, பேராக் காட்சிசாலையைச் சேர்ந்த லெனார்ட் ரே என்பாரின் பெயர் இடப்பட்டிருந்தது. அளந்தவர் பெயர் மலைக்கு; சேகரித்தவர் பெயர் பறவைக்கு. 1930-ஐ ஒட்டிய ஆண்டுகளில் தாப்பாவிலிருந்து பாதை வெட்டி, காட்டைத் திருத்தித் தேயிலை நட்ட கைகள் எத்தனை ஆயிரம்! ஒரு புழுவுக்கேனும் அவர்களுள் ஒருவன் பெயர் வைக்கப்பட்டதாக நான் படித்ததில்லை. குறை கூறுவதற்காக இதனைச் சொல்லவில்லை. பெயரிடுவதற்கு எழுத்து வேண்டும், எழுத்துக்குப் பள்ளி வேண்டும் என்பதற்காகச் சொல்லுகின்றேன்.

இனி இப்பறவையின் உடலமைப்பைச் சற்றுக் காண்போம். இதில்தான் என் மனம் எப்பொழுதும் தோய்ந்து நிற்கும்.

பெரும்பாலான பறவைகளுக்கு முன்விரல் மூன்று, பின்விரல் ஒன்று. மரங்கொத்திக்கு முன்னே இரண்டு, பின்னே இரண்டு. செங்குத்தான மரத்தை இடுக்கியால் பிடித்தாற்போலப் பற்றுதற்கு இவ்வமைப்பு. வால் இறகுகள் விறைப்பானவை; அவற்றை மரத்தின்மேல் ஊன்றினால் இரு கால்களுடன் மூன்றாங்காலும் ஆயிற்று. முக்காலியில் அமர்ந்து வேலை செய்யும் தச்சனை நினைத்துக்கொள்ளலாம். மூக்குத் துளையின்மேல் மயிர் போன்ற இறகுகள் அடர்ந்து மரத்தூள் புகாமல் காக்கும். அலகு மரத்தைத் தொடும் கணத்திற்குச் சற்று முன் ஒரு மெல்லிய இமை கண்ணை மூடிவிடும்.

நாக்கு இன்னும் வியப்புக்குரியது. அலகின் நீளத்தைக் கடந்து வெகுதூரம் நீளக்கூடியது. நுனியில் முட்களும் பசையும் உடையது. வாயினுள் இதற்கு இடம் ஏது? நாக்கைத் தாங்கும் எலும்பும் தசையும் தொண்டையின் இருமருங்கும் பின்னோக்கிச் சென்று, மண்டையோட்டின் பின்புறமாக மேலேறி, உச்சியைச் சுற்றி, நெற்றி வழியாய் மூக்கடிவரை வந்து நிற்கின்றன. தலையைச் சுற்றி நாக்கைக் கட்டி வைத்திருக்கும் பிராணி இது என்றால் மிகையாகாது. இத்தாலிய ஓவியர் லியோனார்டோ தா வின்சி, தாம் ஆராயவேண்டியவற்றைக் குறித்த குறிப்புகளில், மரங்கொத்தியின் நாக்கை விவரிக்கவேண்டும் என்று எழுதி வைத்தார். மோனாலிஸாவைத் தீட்டிய கை இந்நாக்கிலும் ஆசை வைத்ததில் எனக்கு வியப்பில்லை.

இத்தனை வலுவாய் மோதியும் அதன் மூளை ஏன் கலங்குவதில்லை? மண்டையோடு பஞ்சுபோல அமைந்து அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளுகின்றது என்று நெடுங்காலம் புத்தகங்கள் சொல்லி வந்தன. பள்ளிப் பாடங்களிலும் இதுவே. தலைக்கவசம் செய்வோரும் இதனையே எடுத்துக்காட்டினர். பெல்ஜியம் நாட்டு ஆன்ட்வெர்ப் நகரத்து ஆராய்ச்சியாளர்கள் மூன்று இன மரங்கொத்திகளின் கொத்தலை மிகு வேகப் படக்கருவியால் எடுத்து, ஒவ்வொரு அசைவையும் அளந்து, 2022-இல் முடிவை வெளியிட்டனர். அதிர்ச்சியை வாங்கும் பஞ்சு ஒன்றும் அங்கு இல்லை. தலை முழுவதும் ஒரே கட்டியான சுத்தியலாகவே செயற்படுகின்றது என்பது அம்முடிவு. எண்ணிப் பார்த்தால் இதுவே பொருந்தும். பஞ்சு சுற்றிய சுத்தியலால் எந்தத் தச்சன் ஆணி அடிப்பான்? மூளை கெடாததற்குக் காரணம் அது மிகச் சிறியதாயிருப்பதே. சிறிய பொருள் பெரிய மோதலைத் தாங்கும். கற்றோர் நூலிலேயே ஒரு கதை இவ்வளவு காலம் உலவியதென்றால், லயத்துத் திண்ணையில் உலவிய கதைகளை மட்டும் நாம் எள்ளி நகையாடுவது நேர்மையாகாது.

அத்திண்ணைக் கதைக்கு வருகின்றேன். எங்கள் லயத்தின் பின்புறம், காட்டைத் திருத்தியபோது தப்பி நின்ற பெருமரம் ஒன்று பட்டுப்போய் நின்றது. எனக்குப் பத்து வயதிருக்கும்போது, 1970-ஆம் ஆண்டளவில், மஞ்சட்பிடரி மரங்கொத்தி இணை ஒன்று அதில் வேலையைத் தொடங்கிற்று. திருச்சிச் சீமையிலிருந்து கப்பலேறி வந்த என் அப்பாயி அவ்வோசையைக் கேட்டமாத்திரத்தில், "வீட்டைப் பார்த்துக் கொத்துகிறது, யாரோ வெளியேறப் போகிறார்கள்" என்றார். ஒரு வாய்ச்சொல் போதாதா? மரத்தை வெட்டிவிட வேண்டுமென்று லயத்தில் பாதிப் பேர் கூடிவிட்டனர். அச்சமுடையோர் சகுனத்திற்காக வெட்டச் சொன்னார்கள். அச்சமில்லாதோர் விறகுக்காக வெட்டச் சொன்னார்கள். பகுத்தறிவுக்கும் மூடநம்பிக்கைக்கும் இத்தகைய ஒற்றுமை வாய்ப்பது அரிது.

மூன்றாவதாக ஒரு கட்சியும் இருந்தது. பறவை கொத்தித்தான் மரம் செத்தது. விட்டால் நல்ல மரங்களையும் கொன்றுவிடும் என்பது அவர்கள் வாதம். கவ்வாத்துக்காரராகிய என் தந்தையாருக்கு மரத்தின் நோய் தெரியும். அவர் அடிமரத்தில் கத்தியைச் செருகி, உள்ளே காளான் பற்றி வெள்ளையாய் நொறுங்கும் பகுதியை எடுத்துக் காட்டி, "நோயாளி வீட்டுக்கு வைத்தியன் வந்ததாலேயா நோய் வந்தது?" என்று கேட்டார். உண்மையும் அதுவே. உறுதியான பச்சை மரத்தைக் குடைந்து வீடு கட்டுதல் பெரும்பாலான மரங்கொத்திகளுக்கு எளிதன்று. காளான் உள்ளிருந்து மென்மையாக்கிய மரத்தையே அவை தேடும். கொத்துவது வண்டுப் புழுக்களையும் எறும்புகளையும் கறையானையும். மேலும், அம்மரம் சாய்ந்தாலும் லயத்தின்மேல் விழாது, ஓடைப்பக்கமே விழும் என்று அவர் அளந்து சொன்னபின், அவ்வாண்டு மரம் தப்பிற்று.

சகுனம் பார்ப்பது நம்மவர்க்கு மட்டும் உரிய வழக்கு என்று நினைத்து நாணவேண்டா. சரவாக்கின் ஈபான் மக்களுடைய சகுனப் பறவைகள் ஏழில் மரங்கொத்தி இனத்தவை இரண்டு. வீடு கட்டவும் வயல் திருத்தவும் முன்னாளில் அவற்றின் குரல் கேட்டே புறப்பட்டனர். பண்டை ரோமாபுரியார் மரங்கொத்தியைப் போர்த்தெய்வமாகிய மார்ஸுக்கு உரிய பறவை என்றனர்; தம் நகரை நிறுவிய இரட்டையருக்கு ஓநாய் பால் கொடுக்க, மரங்கொத்தி உணவு கொண்டுவந்து ஊட்டிற்று என்றும் கதை சொன்னார்கள். சட்டமும் சாலையும் அமைத்த ரோமரே பறவை பறக்கும் பக்கம் பார்த்துப் படை நடத்தினரெனின், கடல் கடந்து வந்து, நாளை எந்த மலைக்கு அனுப்பப்படுவோம் என்று அறியாதிருந்த ஒரு கிழவி பறவையைப் பார்த்ததில் என்ன வியப்பு? தன் வாழ்வைத் தீர்மானிக்கும் கணக்கு எங்கோ ஓர் அலுவலகத்தில் எழுதப்படும்பொழுது, கண்ணுக்குத் தெரியும் பறவையிடத்தே காரணத்தைத் தேடுவது மனித இயல்பு.

அம்மரத்தில் பொந்து முடிய மூன்று வாரம் பிடித்தது. ஆணும் பெண்ணும் முறைவைத்துக் குடைந்தன. வாய் வட்டமாய், பறவை நுழையும் அளவே இருக்கும். உள்ளே சற்றுத் தூரம் நேராகச் சென்று பிறகு கிணறுபோல் கீழே இறங்கும். புல்லோ பஞ்சோ கொண்டுவந்து மெத்தை இடும் வழக்கம் இல்லை. உதிர்ந்த மரத்தூளே படுக்கை. முட்டைகள் தூய வெண்ணிறம். இருளில் இருக்கும் முட்டைக்கு வேடம் எதற்கு? இரு பறவைகளும் அடைகாக்கும். இரவில் பெரும்பாலும் அடைகாப்பது ஆண்பறவையே. எங்கள் லயத்துப் பெண்களிடம் இதனைச் சொன்னபோது எழுந்த சிரிப்பை என்னென்பேன்! இரவில் கள்ளுக்கடையிலிருந்து பாட்டோடு திரும்பும் சில ஆண்பறவைகளின் பெயர்களும் அங்கே சொல்லப்பட்டன. அவற்றை இங்கு எழுதல் முறையன்று. இரு வாரத்திற்குள் குஞ்சுகள் வெளிவரும். மயிரின்றி, கண் திறவாமல், பார்ப்பதற்கு இரங்கத்தக்கனவாக இருக்கும். தாயும் தந்தையும் விடியல் முதல் அந்திவரை இரை சுமக்கும்.

குஞ்சுகள் பறந்தபின் நடப்பதே எனக்குப் பெரும் பொருளாய்ப் படுகின்றது. பெரும்பாலான மரங்கொத்திகள் மறுபடி முட்டையிடப் புதிய பொந்தைக் குடைகின்றன. பழைய வீடு காலி. அலகில் வலுவில்லாத, தாமாகப் பொந்து குடைய இயலாத பறவைகள் காட்டில் பல உள. அணில் உண்டு, மரத்தில் தலைகீழாய் இறங்கும் நீலக் குருவி உண்டு, கறுப்பும் மஞ்சளுமாய்த் திரியும் கொண்டைச் சிட்டு உண்டு, சிறிய ஆந்தை உண்டு. இவை யாவும் மழைக்கும் குளிருக்கும் ஒதுங்கவும் குஞ்சு பொரிக்கவும் இயற்கைப் பொந்துகளையும் தச்சன் விட்டுச் சென்ற அறைகளையும் நம்பி வாழ்கின்றன. எங்கள் மரத்தில் அடுத்த ஆண்டு குடிபுகுந்தது குட்டி ஆந்தை. கைப்பிடிக்குள் அடங்கும் உருவம், பகலிலும் கூவும், பிடரியில் இரு கண்கள் போன்ற குறி உடையது, முன்னே பார்த்தாலும் பின்னே பார்த்தாலும் நம்மையே நோக்குவது போல் தோன்றும். கொத்தியது போய் ஆந்தை வந்ததும் அப்பாயியின் கவலை இரட்டித்தது.

1974-இல் என் தந்தையாருக்கு 55 வயது நிறைந்தது. வேலை முடிந்தது. வேலை முடிந்தால் வீடும் முடிந்தது என்பது அக்காலத்துத் தோட்ட வழக்கு. முப்பது ஆண்டுக்கு மேல் இருந்த இரண்டு அறைகளையும், அவர் தம் கையால் அமைத்த பின்கட்டையும், தாயார் வைத்த முருங்கையையும் விட்டு இறங்கவேண்டியதாயிற்று. அப்பாயி மூட்டை கட்டிக்கொண்டே, "அன்றே சொன்னேன், கேட்டாயா?" என்றார். தந்தையார் கதவை எடுத்துச் சாத்தியவாறு, "என் வயது அந்தக் குருவிக்கு எப்படித் தெரியும் ஆத்தா? கிராணியின் புத்தகத்திற்கல்லவா தெரியும்" என்றார். அவர் சினந்து சொல்லவில்லை. கணக்குச் சொல்லுவது போலவே சொன்னார். தானா ராத்தாவில் கடை ஒன்றன் பின்னே வாடகை அறையில் குடியேறினோம். தாயார் காய்கறித் தோட்டத்தில் கூலிக்குச் சென்றார். நாங்கள் விட்டுவந்த அறைகளுக்கு வேறு குடும்பம் வந்தது. மரங்கொத்தி வீட்டை விடுவது தானாக; அதற்கு அடுத்த மரத்தைக் குடையும் அலகும் உண்டு. ஐம்பத்தைந்து வயதில் கவ்வாத்துக்காரனுக்கு அலகு ஏது?

தொழிலாளர் குடியிருப்புக்குரிய குறைந்த அளவு வசதிகளைப் பற்றி 1990-இல் சட்டம் இயற்றப்பட்டது. தண்ணீரும் வெளிச்சமும் அறையும் எவ்வாறு இருக்கவேண்டுமென்று அது பேசும். ஓய்வு பெறும் வயது 2013 முதல் 60 ஆக உயர்ந்தது. இவை நன்மைகளே. தோட்டத் தொழிலாளர்க்குச் சொந்த வீடு என்னும் பேச்சோ பல பத்தாண்டுகளாக நடக்கின்றது. சிலவிடத்துச் செயலாயிற்று, பலவிடத்துப் பேச்சாகவே நின்றது. இன்று கேமரன் மலைத் தேயிலைச் சரிவுகளில் கூடையும் இயந்திரக் கத்தரியும் ஏந்தி நிற்போரில் பலர் வங்காள தேசத்தாரும் நேபாளத்தாரும் இந்தோனேசியரும். எம்மவர் இருந்த அறைகளில் இன்று அவர்கள் இருக்கின்றனர். அவர்களும் ஒரு நாள் மூட்டை கட்டுவர். அவர்களைக் கண்டு முகம் சுளிக்கும் தமிழர் சிலரை நான் அறிவேன். நம் பாட்டன்மார் கப்பலிலிருந்து இறங்கியபோது கண்ட முகங்களை அவர்கள் மறந்தனர் போலும்.

பறவைக்கும் இப்பொழுது வீட்டுத் தட்டுப்பாடு உண்டு. அதற்கு வேண்டியது நிற்கும் காடு. காட்டிலும் சிறப்பாக, நின்றபடியே பட்ட மரம். சுற்றிலும் பார்த்தால், காடு இருந்த சரிவுகளில் பிளாஸ்டிக் கூரையிட்ட காய்கறிக் கொட்டகைகள் வெள்ளை வெளேரென்று படர்ந்துள்ளன. உரிமமின்றி வெட்டப்பட்ட சரிவுகளும் உண்டு என்பது பல முறை செய்தித்தாளில் வந்த சங்கதி. அச்சரிவுகளின் மண் மழையில் கரைந்து, 1963-இல் கட்டிமுடிக்கப்பட்ட ரிங்லெட் அணையின் ஏரியில் சென்று படிகின்றது. 2013 அக்டோபரில் பெருமழையின்போது அவ்வணையின் நீரைத் திறந்துவிட நேர்ந்து, பெர்த்தாம் பள்ளத்தாக்கில் வெள்ளம் புகுந்து உயிர்களையும் வீடுகளையும் கொண்டுபோயிற்று. பறவைக்காகக் காட்டை விடுங்கள் என்றால் சிரிப்போர், அப்பள்ளத்தாக்கு மக்களிடம் சென்று கேட்கட்டும்.

காடு நிற்கும் இடத்திலும், "பட்ட மரம் எதற்கு உதவும்? வெட்டி அப்புறப்படுத்து" என்னும் எண்ணம் பரவலாய் இருக்கின்றது. பாதையின்மேல் விழக்கூடியதை வெட்டத்தான் வேண்டும். அதனை மறுப்பார் இல்லை. ஓடையின் கரையிலும் தோட்டத்து எல்லையிலும் ஒருவருக்கும் இடையூறின்றி நிற்பதை விட்டுவைத்தால் யாருக்கு என்ன நட்டம்? இதற்குப் பணமும் வேண்டா, குழுவும் வேண்டா. கத்தியை எடுக்காமல் இருந்தாற் போதும்.

பறவை பார்ப்பது துரைமார் பொழுதுபோக்கு என்று நம்மவரிடையே ஓர் எண்ணம் உண்டு. அவ்வெண்ணம் முழுதும் காரணமற்றதன்று. ஜப்பானியர் ஆட்சியில் சாங்கி முகாமில் சிறையிருந்த மேடக் என்னும் வெள்ளைக்காரப் போலீஸ் அதிகாரி, 1943-இல் அச்சிறையிலேயே மலாயாப் பறவைகளைப் பற்றி ஒரு நூலைத் தட்டச்சில் எழுதி முடித்தார், போருக்குப்பின் அது அச்சாயிற்று, நல்ல நூல். அதே ஆண்டில் நம் தோட்டங்களிலிருந்து பிடித்துச் செல்லப்பட்ட தமிழர் ஆயிரமாயிரமாய்ச் சயாம் இரயில் பாதையில் மடிந்துகொண்டிருந்தனர். அவர்களுள்ளும் பறவையின் குரலைப் பெயர்சொல்லி அறியக்கூடியவர் எத்தனை பேர் இருந்திருப்பர்! காட்டோரத்தில் வாழ்ந்தவர்க்குக் காடு தெரியாமற் போகுமா? எழுதிவைக்கத் தாளும் இல்லை, கேட்டு எழுதுவாரும் இல்லை. 1940-இல் தோன்றிய மலாயா இயற்கைச் சங்கம் இன்றும் மலேசிய இயற்கைச் சங்கமாய் நடைபெறுகின்றது. அதன் கதவு எல்லோர்க்கும் திறந்ததே. பிரிஞ்சாங் மலைப்பாதையில் தூரக்கண்ணாடியும் கையுமாய் நிற்போரில் தமிழ் இளைஞர் ஒருவர் இருவரையேனும் அண்மைக்காலத்தில் நான் கண்டேன். அவர்கள் பெருகவேண்டும்.

குட்டி மரங்கொத்தியைப் பற்றிச் சொல்லுவேன் என்றேன். நிறையில் ஏறத்தாழ 10 கிராம், இரண்டு வெள்ளைக் கோடுகள் முகத்தில் ஓடும், முதுகு இளம்பச்சை. மற்ற மரங்கொத்திகளைப் போல் விறைத்த வால் இதற்கு இல்லை; ஆதலால் முக்காலி போடாமல், சிட்டைப் போல மெல்லிய கொம்புகளிலும் மூங்கிலிலும் தொற்றித் திரியும். பார்க்க விரும்பும் நேயர்கள் மலைக்கு வந்தால், காலை எட்டு மணியளவில், மூடுபனி சற்று விலகும் வேளையில், காட்டோரத்து மூங்கிற் புதரண்டை பேசாமல் நில்லுங்கள். முதலில் ஒன்றும் தெரியாது. பல பறவைகள் கலந்த கூட்டம் ஒன்று வந்து, புதர் முழுதும் அசைந்து, சென்றுவிடும். அதன் கடைசியில் ஒரு சிறு உருவம் பின்தங்கி, காய்ந்த மூங்கில் ஒன்றைப் பற்றிக்கொண்டு கொத்தத் தொடங்கும். மூங்கில் உட்புறம் கூடாதலின் ஓசை கணீரென்று எழும். கைவிரல் அளவு உடம்பிலிருந்து அவ்வளவு ஓசை வருமென்று எதிர்பாராமல் பெரிய பறவையைத் தேடி மேலே பார்ப்பீர்கள். கண்ணைக் கீழே கொண்டுவாருங்கள். உங்கள் மார்பு உயரத்திலேயே அது இருக்கக்கூடும்.